தராசைச் சோதிப்பது யார்?

சில வாரங்களுக்கு முன் என் படிவம் 1 வகுப்பில் அடர்த்திச் சோதனை நடந்தது. நான்கு குழுக்களுக்கு நான்கு மின்னணுத் தராசுகள். சோதனைக்குக் கொடுத்தது ஒரே ஓர் அலுமினியக் கட்டி. அதன் கன அளவு 10 கன சென்டிமீட்டர். அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.70 கிராம் என்பதால், பொருண்மை 27 கிராமுக்கு அருகில் வர வேண்டும். முதல் குழு 26.9 என்றது. இரண்டாவது 27.0. மூன்றாவது 27.1. நான்காவது குழு 29.40 என்று எழுதிக் கொண்டு வந்தது.

"உங்கள் தராசு தப்பு" என்று மற்றவர்கள் சிரித்தார்கள். நான்காவது குழுவின் தலைவன் விடவில்லை. "எங்க தராசுதான் டீச்சர் புதுசு. ரெண்டு தசம இடம் காட்டுது. வைக்கும் முன்னே பூச்சியமும் பார்த்தோம். மூனு தடவை போட்டோம், மூனு தடவையும் 29.40. மத்த மூனு தராசும் தப்பா இருந்தா?"

நல்ல கேள்வி. மூன்று முறையும் ஒரே எண் வந்தது என்றால் அந்தத் தராசிடம் கெபெர்சிசான் இருக்கிறது. உண்மையான மதிப்புக்கு அருகில் இருப்பது கெஜித்துவான். இரண்டும் வெவ்வேறு என்பதைப் பாடநூலின் முதல் அத்தியாயத்திலேயே படிக்கிறோம். ஆனால் அவன் கேட்டது அதைவிட ஆழமானது. எந்தத் தராசு சரி என்று தீர்ப்பது யார்? அலுமினியத்தின் அடர்த்தி 2.70 என்று புத்தகம் சொல்கிறது. அதையும் யாரோ ஒருவர் ஒரு தராசில் போட்டுத்தானே கண்டுபிடித்தார்?

ஒரு சங்கிலி

சந்தையில் மீன் வாங்கும்போது கடைக்காரரின் தராசைக் கவனித்துப் பாருங்கள். அதில் ஒரு முத்திரை இருக்கும். 1972-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தின்படி வியாபாரத் தராசுகள் ஆண்டுதோறும் சோதிக்கப்பட வேண்டும். சோதிக்க வருபவர் கையில் எடைக்கற்கள் இருக்கும். அந்த எடைக்கற்களை அவற்றைவிடத் துல்லியமான கற்களோடு ஓர் அளவுத்திருத்த ஆய்வகம் ஒப்பிட்டிருக்கும். அந்த ஆய்வகத்தின் கற்கள் இன்னும் துல்லியமானவற்றோடு ஒப்பிடப்பட்டிருக்கும். இப்படியே ஏறிக்கொண்டே போனால் சிப்பாங்கில் இருக்கும் தேசிய அளவியல் கழகத்துக்குப் போய்ச் சேருவோம். நாட்டின் கிலோகிராம், மீட்டர், வினாடி எல்லாவற்றுக்கும் அதுதான் காப்பாளர்.

அதற்கும் மேலே? 1889 முதல் பாரிஸ் அருகே பாதுகாக்கப்பட்ட பிளாட்டினம்-இரிடியம் உருளை ஒன்றுதான் உலகத்தின் கிலோகிராமாக இருந்தது. 2019 மே 20 முதல் அந்த உருளைக்கு ஓய்வு. இப்போது கிலோகிராம் என்பது பிளாங்க் மாறிலி என்ற இயற்கை எண்ணைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. உருளை தேயலாம், அழுக்குப் படியலாம். மாறிலிக்கு அந்தக் கவலை இல்லை.

இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சிறு சந்தேகம் சேரும். அதையும் மறைக்காமல் எழுதிவைப்பதுதான் நல்ல அளவீடு. "27.0 கிராம்" என்பது பாதி விடை. "27.0 கிராம், கூடவோ குறையவோ 0.1" என்பதே முழு விடை.

தராசு சரி, ஆள்?

இப்போது ஓர் ஆய்வகத்தைக் கற்பனை செய்யுங்கள். எல்லாக் கருவிகளும் சரியாகத் திருத்தப்பட்டவை. ஆனால் அங்கே வேலை செய்பவருக்குப் பயிற்சி இல்லை. மாதிரிக் குப்பிகளில் பெயர்ச்சீட்டு மாறிப்போகிறது. குளிர்ப்பெட்டி இரவில் நின்றுபோனது யாருக்கும் தெரியவில்லை. அங்கிருந்து வரும் எண்ணை நம்பலாமா?

இங்கேதான் தர அங்கீகாரம் வருகிறது. மலாயில் அக்ரெடிதாசி. அந்த ஆய்வகத்தோடு எந்த லாபநட்டமும் இல்லாத ஒரு வெளி அமைப்பு வந்து, "இந்த ஆய்வகம் இந்தச் சோதனையைச் சரியாகச் செய்யும் திறமை உடையது" என்று ஆராய்ந்து சொல்வதே அது. மலேசியாவில் இந்தப் பொறுப்பு ஜபாத்தான் ஸ்தாண்டர்ட் மலேசியாவுடையது. சிங்கப்பூரில் சிங்கப்பூர் அங்கீகார மன்றம். ஆய்வகங்களுக்கான அனைத்துலக விதித்தொகுப்பின் எண் 17025. மருத்துவ ஆய்வகங்களுக்கு 15189.

பலர் குழப்பிக்கொள்ளும் ஓர் இடம் இது. மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தில் சிரிம் ஒட்டுத்தாள் பார்த்திருப்பீர்கள். அது பொருளுக்குத் தரும் சான்று. மலேசியத் தரநிலைகளில் எண் 1 தலைக்கவசத்துக்கு உரியது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. தர அங்கீகாரம் இன்னொரு படி மேலே இருக்கிறது. சான்று கொடுப்பவரும் சோதனை செய்பவரும் அதற்குத் தகுதியானவர்களா என்று பார்ப்பது அது. தேர்வுத்தாளைத் திருத்தும் ஆசிரியரையே இன்னொருவர் திருத்துவது போல என்று என் மாணவர்களிடம் சொல்வேன். எங்களுக்கும் அது நடக்கிறது, கவலைப்படாதீர்கள்.

மதிப்பீட்டாளர்கள் வந்தால் கோப்புகளை மட்டும் பார்த்துவிட்டுப் போக மாட்டார்கள். பரிசோதகரின் பக்கத்தில் நின்று, அவர் சோதனையைச் செய்வதைப் பார்ப்பார்கள். பழைய அறிக்கை ஒன்றை உருவி, "இந்த எண் எப்படி வந்தது? அன்று எந்தத் தராசு? யார் கை?" என்று பின்னோக்கிக் கேட்பார்கள். ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுக்கச் செல்லும் பட்டமும் அல்ல இது. குறிப்பிட்ட கால இடைவெளியில் மறுபடி வருவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு சோதனை. ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்புவார்கள். அதிலுள்ள உண்மையான அளவு அனுப்பியவருக்குத்தான் தெரியும். எடுத்துக்காட்டாக, ஒரு கிலோகிராம் உணவில் 0.50 மில்லிகிராம் ஈயம் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வகங்களுக்கு இடையே அனுமதிக்கப்படும் பரவல் 0.03. உங்கள் ஆய்வகம் 0.58 என்று சொல்கிறது. வித்தியாசம் 0.08. அதை 0.03-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.7. இந்த எண் 2-க்குள் இருந்தால் திருப்தி. 2-க்கும் 3-க்கும் இடையில் இருந்தால் எச்சரிக்கை. 3-ஐத் தொட்டால் தோல்வி. உங்கள் ஆய்வகம் எங்கேயோ தவறு செய்கிறது என்று யாரும் பழிசொல்லாமலே தெரிந்துவிடும்.

ஒரு கோடு தவறியபோது

கோவிட் காலத்துப் பி.சி.ஆர். சோதனை உங்களுக்கு நினைவிருக்கும். மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் கிருமியின் மரபுப்பொருள் இருந்தால், அதை ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்குவார்கள். 30 சுற்றில் ஒன்று 100 கோடிக்கு மேல் பெருகிவிடும். பெருகப் பெருக ஒளிர்வு கூடும். அந்த ஒளிர்வு ஓர் எல்லைக்கோட்டைத் தாண்டினால் தொற்று உண்டு. தாண்டாவிட்டால் இல்லை. அந்தக் கோட்டை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2021 செப்டம்பரில் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகரிலிருந்த ஒரு தனியார் ஆய்வகத்தில் அந்த எல்லை தவறாக வைக்கப்பட்டது. வீட்டில் சுயபரிசோதனை செய்தவர்களுக்குத் தொற்று உண்டு என்று வந்தது. அதே ஆள் பி.சி.ஆர். எடுத்தால் இல்லை என்று வந்தது. மக்களே முதலில் சந்தேகப்பட்டார்கள். அக்டோபர் நடுவில் ஆய்வகம் நிறுத்தப்படுவதற்குள் ஏறக்குறைய 39,000 பேருக்குத் தவறாக "தொற்று இல்லை" என்று அறிக்கை போய்விட்டது. அவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போனார்கள், தாத்தா பாட்டியைப் பார்த்தார்கள். இதனால் ஏறக்குறைய 55,000 பேருக்குக் கூடுதலாகத் தொற்றியிருக்கலாம் என்றும், 20-க்குச் சற்று அதிகமானோர் இறந்திருக்கலாம் என்றும் அந்நாட்டின் சுகாதாரப் பாதுகாப்பு அமைப்பு பின்னர் கணக்கிட்டது. அந்த ஆய்வகம் தங்களிடம் அங்கீகாரம் பெற்றதே இல்லை என்று அந்நாட்டின் அங்கீகார அமைப்பு அறிவித்தது.

இன்னொன்று அமெரிக்காவில் நடந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பாஸ்டன் நகரில் போதைப்பொருளைச் சோதிக்கும் அரசு ஆய்வகம் ஒன்று இருந்தது. 2003 முதல் 2012 வரை அங்கே வேலை செய்த வேதியியலாளர் ஒருவர், பல மாதிரிகளைச் சோதிக்காமலேயே, கண்ணால் பார்த்துவிட்டு, "இது போதைப்பொருள்" என்று கையெழுத்திட்டார். சக ஊழியர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வேகம்! அதைக் கண்டு மேலதிகாரிகள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பாராட்டினார்கள். வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர் என்று அவர் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொன்னதும் பொய். அந்த ஆய்வகத்துக்கும் வெளி அங்கீகாரம் இல்லை. 2017-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் 21,000-க்கும் மேற்பட்ட வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. குற்றமற்றவர்கள் சிறையில் கழித்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவது? உண்மையான குற்றவாளிகளும் அந்தக் கூட்டத்தோடு வெளியேறியிருப்பார்கள். பாதுகாப்பு இரண்டு பக்கமும் உடைந்தது.

நம் நாட்டுக்கு இது தொலைதூரக் கதையன்று. 1952-ஆம் ஆண்டின் அபாயகர போதைப்பொருள் சட்டத்தின்படி, ஒருவரிடம் 15 கிராம் அல்லது அதற்கு மேல் ஹெராயின் இருந்தால் அவர் அதைக் கடத்துபவர் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். கடத்தல் நிரூபணமானால் மரண தண்டனையும் விதிக்கப்படலாம். அந்த 15 கிராம் என்பது பொட்டலத்தின் மொத்த எடையன்று, அதில் உள்ள ஹெராயினின் எடை. அதை வேதியியல் ஆய்வகம்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். 14.6-ஆ 15.2-ஆ? என் வகுப்பின் நான்காவது தராசை நினைத்துப் பாருங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரும் ஒரு கையுறையும்

உலகுக்கு ரப்பர் கையுறை கொடுக்கும் முன்னணி நாடுகளில் மலேசியாவும் ஒன்று. கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை மிக எளிமையானது. கையுறையைத் தொங்கவிட்டு ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றுவார்கள். இரண்டு நிமிடம் பொறுத்துச் சொட்டுகிறதா என்று பார்ப்பார்கள். இவ்வளவுதான். ஆனால் இதை கிள்ளானில் செய்து "சொட்டவில்லை" என்று சொன்னால், ஜெர்மனியிலுள்ள மருத்துவமனை ஏன் நம்ப வேண்டும்? நம்பாவிட்டால் அங்கே போய் இறங்கியதும் மறுபடி சோதனை, மறுபடி செலவு. அதுவரை கொள்கலன் துறைமுகத்தில் வாடகை கட்டிக்கொண்டு நிற்கும்.

இந்தச் சிக்கலுக்கு விடை தேடும் முயற்சி ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது போர்த்தளவாடங்களைச் சோதிக்க நம்பகமான ஆய்வகங்கள் போதாமல் அந்நாடு திண்டாடியது. அந்தப் பாடத்திலிருந்து 1947-இல் உலகின் முதல் தேசிய ஆய்வக அங்கீகார அமைப்பு அங்கே பிறந்தது. பிறகு நாடுகள் ஒன்றுகூடின. 2000-ஆம் ஆண்டில் 28 பொருளாதாரங்களைச் சேர்ந்த 36 அங்கீகார அமைப்புகள் வாஷிங்டனில் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. நீ அங்கீகரித்த ஆய்வகத்தின் முடிவை நான் ஏற்கிறேன், நான் அங்கீகரித்ததை நீ ஏற்றுக்கொள் என்பதே அதன் சாரம். மலேசியாவும் சிங்கப்பூரும் இந்த உடன்பாட்டு வளையத்துக்குள் இருக்கின்றன. கிள்ளானில் ஊற்றிய அந்த ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஜெர்மனியிலும் மதிப்பு கிடைப்பது இப்படித்தான்.

வகுப்பில் இதைச் சொன்னபோது அதே மாணவன் மறுபடி கை தூக்கினான். "அப்போ அந்த அங்கீகார அமைப்பை யாரு டீச்சர் சோதிப்பா?"

மற்ற நாட்டு அங்கீகார அமைப்புகள்தான். அங்கிருந்து நிபுணர்கள் இங்கே வந்து நம்மவர்கள் வேலை செய்வதைப் பார்ப்பார்கள். நம்மவர்கள் அங்கே போவார்கள். ஆக, உச்சியில் ஓர் ஒற்றை நீதிபதி உட்கார்ந்திருக்கவில்லை. தன்னை வெளியாள் சோதிக்கச் சம்மதித்தவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்கும் வட்டம் அது. எனக்கு இது முதலில் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால், அறிவியலே இப்படித்தானே நடக்கிறது?

வண்ணத் தாளில் ஒரு கல்லூரி

என்னிடம் படித்த ஒரு மாணவியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எஸ்.பி.எம். முடித்ததும் ஒரு தனியார் கல்லூரியின் விளம்பரத் தாளை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். பளபளப்பான தாள். கண்ணாடிக் கட்டடம், வெள்ளை மேலங்கி போட்ட மாணவர்கள், வெளிநாட்டுக் கொடிகள். நானும் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கேம்மா, சேர்ந்துக்க" என்று சொல்லிவிட்டேன். இரண்டரை ஆண்டு டிப்ளோமா முடித்து, பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தபோதுதான், அந்தப் பாடத்திட்டம் அங்கீகாரப் பதிவேட்டில் இல்லை என்று பல்கலைக்கழகம் சொன்னது. அவள் அப்பா லாரி ஓட்டுநர். கட்டிய பணம் போனது போனதுதான். அவள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். இரண்டு தசம இடம் காட்டிய தராசை என் மாணவன் நம்பியது போல, நான் அந்த வண்ணத் தாளை நம்பியிருக்கிறேன்.

உயர்கல்விக்கும் இதே ஏற்பாடு இருக்கிறது. 2007-இல் தொடங்கப்பட்ட எம்.கியூ.ஏ. எனும் மலேசியத் தகுதி நிறுவனம் பாடத்திட்டங்களை ஆராய்ந்து அங்கீகரிக்கிறது. கவனியுங்கள், அங்கீகாரம் பாடத்திட்டத்துக்கு. கல்லூரியில் ஒரு படிப்பு அங்கீகாரம் பெற்றிருப்பதால் அங்குள்ள எல்லாப் படிப்பும் பெற்றுவிட்டதாக ஆகாது. ஆய்வகத்திலும் இதே விதிதான். தண்ணீரில் ஈயத்தைச் சோதிக்க அங்கீகாரம் பெற்ற ஆய்வகம், அந்த முத்திரையைக் காட்டி இரத்தச் சோதனை அறிக்கை தர முடியாது.

அடுத்து, தற்காலிக அங்கீகாரம், முழு அங்கீகாரம் என்று இரண்டு நிலைகள் உண்டு. புதிய படிப்பைத் தொடங்கக் குறைந்தபட்சத் தேவைகள் நிறைவேறியிருந்தால் முதலாவது கிடைக்கும். முதல் அணி மாணவர்கள் இறுதியாண்டுக்கு வரும்போது, சொன்னபடி நடத்தினார்களா என்று நேரில் ஆராய்ந்த பிறகே இரண்டாவது. முழு அங்கீகாரம் பெற்றவை எம்.கியூ.ஆர். என்ற பதிவேட்டில் இருக்கும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். கல்லூரியின் பெயரை மட்டும் தேடாமல், படிப்பின் முழுப் பெயரையும் எந்த வளாகம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எம்.கியூ.ஏ. ஏற்காத படிப்புக்குப் பி.டி.பி.டி.என். கடனும் கிடைக்காது.

பொறியியலாளர் ஆக நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 1989-இல் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஆறு நாடுகள் சேர்ந்து வாஷிங்டன் உடன்படிக்கையை உருவாக்கின. முன்பு சொன்ன ஆய்வக உடன்பாடு வேறு, இது வேறு. ஒரு நாடு அங்கீகரித்த பொறியியல் பட்டப்படிப்பைத் தங்கள் நாட்டுப் படிப்புக்கு இணையாக மற்ற நாடுகள் கருதும். சிங்கப்பூர் 2006-இலும் மலேசியா 2009-இலும் முழு உறுப்பினர்களாயின. கையுறைக்குக் கிடைத்த அதே வசதி பட்டதாரிக்கும்!

அங்கீகாரம் பெற்ற இடத்தில் தவறே நடக்காது என்று யாரும் நினைக்க வேண்டாம். மதிப்பீட்டாளர் போன மறுநாள் சோம்பேறித்தனம் திரும்பலாம். சிறிய ஆய்வகங்களுக்குக் கட்டணமும் எழுத்துவேலையும் பெரிய சுமை என்ற குறையிலும் நியாயம் உண்டு. ஆனால் தவறு நடந்தால் எந்த நாள், எந்தக் கருவி, யார் கை என்று தேடிப் பிடிக்க அங்கே பதிவு இருக்கும். வுல்வர்ஹாம்ப்டனில் தவறைக் கண்டுபிடிக்க ஒரு மாதத்துக்கும் மேல் ஆனதை நினைத்துப் பாருங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

எங்கள் நான்காவது தராசுக்கு என்ன ஆயிற்று? பள்ளியில் தரமான எடைக்கல் இல்லை. அதனால் சட்டைப் பையில் இருந்ததை எடுத்தோம். 2012 முதல் புழக்கத்தில் உள்ள புதிய வரிசை 50 சென் நாணயத்தின் பொருண்மை 5.66 கிராம். 20 சென் 4.18 கிராம். 10 சென் 2.98 கிராம்.

பத்து 50 சென் நாணயங்களை வைத்தோம். 56.6 வர வேண்டும். முதல் மூன்று தராசுகளும் அதை ஒட்டியே காட்டின. நான்காவது 61.6 காட்டியது. 5 கிராம் கூடுதல். இருபது நாணயம் வைத்தபோது 113.2-க்குப் பதில் 123.3. வித்தியாசம் இப்போது 10 கிராமைத் தாண்டிவிட்டது. பொருண்மை கூடக் கூடப் பிழையும் அதே விகிதத்தில் கூடுகிறது. அதனால்தான் காலித் தட்டில் பூச்சியம் சரியாக இருந்தது. யாரோ அளவுத்திருத்தப் பொத்தானை அழுத்தி, எடைக்கல் வைக்க வேண்டிய இடத்தில் வேறு எதையோ வைத்திருக்கிறார்கள் என்பது என் ஊகம். நான்காவது குழுத் தலைவன் அந்தத் தராசில் "பயன்படுத்தாதே" என்று ஒரு தாளை எழுதி ஒட்டி, தேதியும் போட்டு, கையெழுத்தும் வைத்தான்.

உங்கள் வீட்டுச் சமையலறைத் தராசில் 10, 20, 40 நாணயங்களை வைத்துப் பார்த்து ஓர் அட்டவணை போடுங்கள். பிழை எல்லாவற்றிலும் ஒரே அளவா, அல்லது கூடிக்கொண்டே போகிறதா? பிறகு, தேய்ந்து மங்கிய நாணயங்களை மட்டும் பொறுக்கியெடுத்து மறுபடி செய்யுங்கள். இரண்டாவது முறை எண் மாறினால், மாறியது தராசா, நாணயமா? அதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று எழுதி உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.